நூற்றுக்கு அஞ்சு

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும்
முக்காட்டை மடித்துக் கூடையில் போட்டுவிட்டு
காக்கிச் சட்டை மாட்டிக்கொள்வேன்.
ஆறு நாள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து பாய்லர்,
ஏழாம் நாள் வைசியாள் வீதியில்
வேதபுரீசன் செட்டியாரின் நீராவிக் கார்.
எந்த பாய்லரானாலும்
கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை
ஒருத்தி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போர்வெல் தண்ணீர் அதற்கு ஆகாது,
சுண்ணாம்பு படிந்து குழாய் அடைத்துவிடும்.
ஐப்பசியில் மொட்டைமாடி மழையை
ஆறு நீல டிரம்மில் பிடித்து
வேடு கட்டி வைத்திருக்கிறோம்.
சித்திரை வரை அது குடிப்பது அந்த மழையைத்தான்.
(செட்டியார் பேரன் ஒருநாள் அதில் கப்பல் விட்டான்.
வடிகட்ட அரைநாள்.)

பின்னச்சுக்கு ஒரு எண்ணெய், சங்கிலிக்கு ஒன்று,
கிரீஸ் கிண்ணத்துக்கு அரைத் திருகு, முக்கால் கூடாது.
இதெல்லாம் யாரும் செய்யலாம்.
சிலிண்டர் எண்ணெய் அப்படியில்லை.
கரும்பச்சை. மார்கழியில் பாகு மாதிரி இறுகும்,
டின்னை அரைமணி வெயிலில் உட்காரவைத்தால்தான்
சாய்க்க முடியும்.
கண்ணாடிக் கூண்டுக்குள் அதன் சொட்டு
கீழே விழாது.
தண்ணீருக்குள் மேலே ஏறும்.
முதல்முறை பார்த்தபோது சிலுவை போட்டுக்கொண்டேன்.

"நிமிஷத்துக்கு ஆறு சொட்டா? டின் என்ன விலை தெரியுமா?
நாலு போதும்."
"போதும்னா நீங்களே ஓட்டுங்க."
"உனக்குக் கொழுப்பு அதிகம், அமலோற்பவம்."
"எனக்கில்லீங்க, எண்ணெய்க்கு. நூத்துக்கு அஞ்சு.
மாட்டுக் கொழுப்பு.
இல்லன்னா ஈர இரும்புல ஒட்டாது."

சொல்லியிருக்கக் கூடாது.
வெங்காயம்கூட வாசல் தாண்டாத வீடு.
ஆயுதபூசையன்று அந்த டின்னுக்கும் அவர்
சந்தனம் வைத்தது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.
கை கழுவினார். வேட்டியில் துடைத்தார்.
மறுபடி கழுவினார்.

மாசி முழுக்க விளக்கெண்ணெய்.
முதல் வாரம் ஒன்றுமில்லை, வாசனைகூட நன்றாயிருந்தது.
அடுத்த வாரம் பிஸ்டன் தண்டில் கறுப்புப் பிசின்.
மூன்றாம் ஞாயிறு கடற்கரைச் சாலையில்
பழைய கலங்கரை விளக்கம் தாண்டவில்லை,
வால்வு கத்தியது.
இளநீர்க்காரர் ஓங்கிய அரிவாளோடு திரும்பிப் பார்த்தார்.
இரும்பை இரும்பு தின்னும் சத்தம் அது.
வண்டியை ஓரங்கட்டி
செட்டியார் கண்ணை மூடிக்கொண்டார்,
பக்கத்து நாற்காலியில் யாருக்கோ
பல் பிடுங்குகிற மாதிரி.
வீடுவரை தள்ளினோம். உப்புக்காற்று, வெயில், பேச்சில்லை.

அடுத்த ஞாயிறு
சிலிண்டர் மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயும் மரச்சீவலுமாக
பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
வாசலில் நின்று
முகத்தை வீதிப்பக்கம் வைத்துக்கொண்டே சொன்னார்:
"மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்.
மூணு மணி நேரமாகும்."
நடந்தால் பத்து நிமிடம் அந்தக் கோயில்.
"அதுக்குள்ள என்ன ஊத்துறியோ ஊத்து.
எங்கிட்ட சொல்லாத."

பழைய டின் டிரம்முக்குப் பின்னால் இருந்தது.
பொட்டு காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது.
தபசுகாலம் அது,
நானும் கறியை விட்டுப் பதினெட்டு நாள்.
அவர் சைவம், எனக்கு ஒருசந்தி,
கார் மட்டும் சாப்பிட்டது.

மூடியைப் பூட்டி, பர்னர் பற்றவைத்து,
பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி
மெதுவாகச் சுற்றவிட்டேன்.
கத்தவில்லை. தையல் மெஷின் மாதிரி
தன்பாட்டுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

வந்தவர் பிரசாதத் தொன்னையை
எட்டத்தில், ஜன்னல் கட்டையில் வைத்தார்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
கண்ணாடிக் கூண்டருகே குனிந்தார்.
ஒரு சொட்டு ஏறியது. இன்னொன்று.
உதடு மட்டும் அசைந்தது.
ஆறு வந்ததும் நிமிர்ந்து,
"ஜாக்கிய எடு" என்றார்.